துணிக்குப் பின்பக்கம் பறந்த விமானம்

நான் முதன்முதலாகப் பார்த்த விமானம் ஒரு துணியில் பறந்தது. அதற்கு முன்பு தலைக்கு மேலே எத்தனையோ போயிருக்கலாம். எங்கள் ஊரில் காற்றும் மேகமும் பார்க்கத்தான் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சும்மா பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

ஊர் என்பது மண்டபத்துக்கு மேற்கே கடலை ஒட்டிக் கிடந்த அறுபது எழுபது ஓலை வீடுகள். நடுவில் மாதா கோயில். கோயிலை ஒட்டி மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். நான் அப்போது அந்த மூன்றாம் வகுப்பை இரண்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தேறாமல் போனதால் அல்ல. நாலாம் வகுப்புக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப அய்யாவுக்கு மனசில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனசில்லை. ஆகவே படித்ததையே மறுபடி படி என்று விட்டுவிட்டார்கள். மூன்று மைலுக்கு அஞ்சி வளர்க்கப்பட்ட நான் பிற்பாடு தூத்துக்குடியில் மீன் கம்பெனி, கொச்சியில் இறால் உரிக்கிற கொட்டகை, மூணாறில் தேயிலைத் தோட்டம், ஊர் ஊராகப் போன ஒரு கூடார சினிமா என்று கால் போன போக்கில் போய்க்கொண்டே இருந்தேன். அந்தக் கால்களுக்கு முதல் பழக்கம் கொடுத்தவள் என் சித்தி.

சித்தி என்றால் அய்யாவின் தம்பி பெண்டாட்டி. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயசுக்கு மேல் இருக்காது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார்.

சித்தப்பா பட்டாளத்துக்குப் போனதே அவருடைய கையால்தான். அவர் நொட்டாங்கைக்காரர். எதையும் இடது கையால்தான் செய்வார். வள்ளத்தில் நொட்டாங்கைக்காரன் கட்டுகிற முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி விழும். பகலில் அது பெரிய விஷயமில்லை. இருட்டில் காற்று திடீரென்று மாறினால், பாய்க்கயிற்றை அவிழ்க்கிறவன் தன் கை பழகின திசையில் இழுப்பான். முடிச்சு அவிழாமல் இன்னும் இறுகும். ஒரு தரம் அப்படித்தான் பாய் இறங்காமல் வள்ளம் சாய்ந்து, வலை மொத்தமும் போயிற்று. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அதன் பிறகு சித்தப்பாவை யாரும் வள்ளத்தில் ஏற்றவில்லை. கரையில் கொஞ்ச நாள் கருவாடு காய வைத்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்த ஏழாம் மாசம் இராமநாதபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் வரிசையில் நின்றுவிட்டார்.

மாசம் ஒரு கடிதம் வரும். ஒரு கடிதத்தில், விமானம் இறங்குகிற இடத்தில் வேலை என்று எழுதியிருந்தார். சித்தி அதை என்னைப் படிக்கச் சொல்லி நாலு தரம் கேட்டாள். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் சித்தப்பா விமானம் ஓட்டுகிறார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அதில் பெரிய பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வடக்கே பனிமலையில் சீனாவோடு சண்டை என்று பூசையில் சாமியார் சொன்னார். ஐப்பசியில் வர வேண்டிய கடிதம் வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை. சண்டை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. இராமநாதபுரம் பக்கம் ஏதோ ஒரு வீட்டுக்குத் தந்தி வந்ததாக மீன் வாங்க வந்தவள் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சித்தி வெளியே வர மாட்டாள். வீட்டுக்குள் சுவரோடு ஒட்டி நிற்பாள். அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகு வந்து, எட்டிப் பார்த்து, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் தண்ணீர் எடுக்கப் போவாள். கடிதம் வராததற்கு அழுதவள், எதுவும் வராததற்குச் சந்தோஷப்படும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரம் அரசாங்கப் படவண்டி வந்தது. மூடின வண்டி, மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. சண்டைப் படம் காட்டப்போகிறோம், விமானப் படம், காசு கிடையாது என்று பகல் முழுக்கக் கத்திக்கொண்டே போனது. சண்டை முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. படத்துக்கு அது தெரியாது. படத்தில் அது முடிந்ததே இல்லை.

மணலில் இரண்டு பாய்மரங்களை நட்டு, நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். சாமியார், துணிக்கு முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள் என்று பிரித்து உட்கார வைத்தார். பின்பக்கம் தெரியுமா என்று அம்மா கேட்டதற்கு, படம் ஓட்டுகிறவர், "ரெண்டு பக்கமும் தெரியும்மா, நல்லாப் பாருங்க" என்றார். தெரியத்தான் செய்தது.

முதலில் பெரிய பெரிய எழுத்தாக வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிடிபடவில்லை. இரண்டு வருஷம் மூன்றாம் வகுப்பில் இருந்தவளுக்கே தெரியாத எழுத்து என்றால் அது இந்தி எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடமும் அப்படியே சொன்னேன். அவர்கள் யாருக்கும் எந்த எழுத்தும் தெரியாது. "அரசாங்கத்துப் படம்னா இந்திதான்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்து மலை வந்தது. மலை முழுக்க வெள்ளை. "ஆத்தாடி, எம்புட்டு உப்பு!" என்றாள் ஒருத்தி. குழாயில் பேசினவர் அது பனி என்று சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை. "ஈரமா இருக்குல்ல, அள்ளி வச்சா காஞ்சிரும்" என்றாள். பிறகு விமானம் வந்தது. வாடைக்காற்றில் துணி பாய் மாதிரி உப்பியதால் விமானமும் வயிறு உப்பிப் பறந்தது. குழாயில் பேசினவருடைய குரலைக் கேட்டால், அவரே அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது. வீரர்கள், தியாகம், தாய்நாடு என்றார். பையன்கள் எல்லாரும் கையை விரித்துக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினார்கள். எனக்கும் உடம்பு புல்லரித்தது. விமானம் ஓட்டுகிறவர் முகத்தைக் காட்டினால் சித்தப்பாவைப் பார்த்துவிடலாம் என்று கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

விமானத்தின் வயிறு திறந்தது. உள்ளே இருந்து மூட்டை மூட்டையாக வெளியே தள்ளினார்கள். மலைமேல் இருக்கும் வீரர்களுக்கு அரிசி என்றார் குழாய்க்காரர். இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. குண்டு போட்டிருந்தால்கூட அப்படி அடங்கியிருக்காது. அந்த மார்கழியில் எங்கள் வீடுகளில் ஒரு வேளைதான் உலை கொதித்தது. அத்தனை அரிசி வானத்திலிருந்து விழுவதை எல்லாரும் வாயைத் திறந்து பார்த்தார்கள். துணிக்கு அந்தப் பக்கமிருந்து அய்யாவின் குரல் கேட்டது.

"ஏலே, போற வழிதான, இங்கன ரெண்டு மூட்டையத் தள்ளிட்டுப் போகச் சொல்லுங்கடா!"

கூட்டம் சிரித்தது. படவண்டியோடு வந்த அதிகாரி சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள்தான் அது வந்தது. ஒரு ஆள் குனிந்து மூட்டையைக் கயிற்றால் கட்டுகிறான். முகம் தெரியவில்லை. தொப்பியும் இரண்டு கைகளும்தான். கயிற்றைச் சுற்றி, உள்ளே கொடுத்து வாங்கி, கடைசியில் நுனியைப் பல்லால் கவ்வி ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறான். அவ்வளவுதான். மூச்சு இழுத்து விடுகிற நேரம். மறுபடி விமானம் வந்துவிட்டது.

சித்தி என் தொடையைக் கிள்ளிப் பிடித்தாள். மறுநாளும் அந்த இடம் வலித்தது.

"அவருதான்" என்றாள்.

"யாரு?" என்றாள் அம்மா.

"அவருதாங்கா. கயித்தைப் பல்லால இழுத்தாரு பாத்தீகளா?"

"அடியே, இந்தக் கரையில பல்லால இழுக்காதவன் எவன்டி? ஒங்க மச்சானும்தான் இழுக்காக."

"நொட்டாங்கையால கட்டிட்டா?"

அம்மாவும் பார்த்திருந்தாள். கட்டினது நொட்டாங்கைதான்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. எவனோ ஒருவன் கட்டினான், தான் கவனிக்கவில்லை என்றார். சித்தி அய்யாவிடம் நேராகப் பேச மாட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவைப் பார்த்துச் சொல்லுவாள்.

"அக்கா, அவுக அரிசியப் பாத்திருப்பாக. கையப் பாத்திருக்க மாட்டாக."

"கையவா பாக்கச் சொன்னான் அரசாங்கத்தான்? விமானத்தைப் பாருன்னுதான படம் காட்டுனான்" என்றார் அய்யா, அவரும் அம்மாவைப் பார்த்தே.

சித்தி படவண்டி கிளம்புமுன் போய் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஒரு ஊருக்கு ஒரு தரம்தான் என்று படம் ஓட்டுகிறவர் சொல்லிவிட்டார். நாளைக்குப் பெரியபட்டினம், அதற்கு மறுநாள் ஏர்வாடி, அப்புறம் சாயல்குடி என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு என் ஊரிலேயே இருந்திருப்பேனோ என்னவோ.

விடிந்ததும் சித்தி, ஏர்வாடிக்கு நேர்ச்சை இருக்கிறது என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் கரையில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் தர்காவுக்கு நேர்ந்துகொள்வார்கள். அய்யா என்னவோ முனகினார். எப்போதும் சித்தியோடு சண்டை போடுகிற அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் துணியில் அவல் கட்டிக் கொடுத்து, "தனியாப் போவாத, இந்தக் கழுதையக் கூட்டிட்டுப் போ" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

பெரியபட்டினத்துக்குக் கடற்கரையோடு நடந்தோம். சித்தி வேகமாக நடப்பாள். நான் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது துணி கட்டியாயிற்று. அங்கேயும் பெண்கள் பின்பக்கம்தான். தலையில் முக்காட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தி அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் முதல் வரிசையில் இடம் பிடித்தாள். கை வந்தது. நொட்டாங்கை. பல். வெட்டு. போய்விட்டது.

"அவருதான்" என்றாள், இந்தத் தடவை சத்தமாக.

பக்கத்தில் இருந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவர் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்று இரவு அவள் வீட்டில்தான் படுத்தோம். மீன் குழம்பும் சோறும் போட்டாள். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

"எங்க வூட்டு ஆளு கை ஒண்ணு இப்புடித் துணியில வந்துச்சுன்னா, நானும் பின்னாலேயே நடப்பேன் புள்ள" என்றாள் அவள். "போயிட்டு வா. அல்லா லேசாக்கி வைப்பான்."

ஏர்வாடிக்கு மறுநாள் பொழுது சாயும்போது போனோம். அங்கே மழை. படம் இல்லை. தர்காவில் கஞ்சி ஊற்றினார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, வந்திருந்த கூட்டத்தோடு ஒண்டிக்கொண்டோம். பொய்யாகச் சொல்லிவிட்டு வந்த நேர்ச்சையைச் சித்தி அங்கே நிஜமாகவே நேர்ந்துகொண்டாள். என்ன நேர்ந்தாய் என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றாள்.

காலையில் படவண்டி சகதியில் நின்றுகொண்டிருந்தது. தள்ளுவதற்கு ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்த படம் ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க அந்த மாதா கோயில் ஊரு இல்ல? இங்க எங்க?"

"படம் பாக்கத்தான்ணே."

"பாத்த படத்தையா?"

"பாத்தது பத்தலைண்ணே."

அவர் சிரித்தார். அவருக்கு என் அய்யா வயசு இருக்கும், இருமல் வேறு. நாங்களும் வண்டியைத் தள்ளினோம். முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் என்னவோ சொல்லி, எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். சாயல்குடி வரைக்கும் படச்சுருள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். ஒரு தகரப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். விமானச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

சாயல்குடியில் உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி இருந்தது. அதன் நீளச் சுவரில் துணியை அடித்துவிட்டார்கள். சுவருக்குப் பின்னால் யார் உட்கார முடியும்? ஆகவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் துணிக்கு முன்னால். சித்தி என்னை இழுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள்.

எழுத்து வந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"சித்தி! தமிழு! இது தமிழ்ப் படம் சித்தி!"

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தேன். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி அதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஊரில் இந்தி எழுத்தாக இருந்தது இங்கே எப்படித் தமிழாயிற்று என்று யோசிக்கத் தோன்றவில்லை. நம் ஊருக்கு மட்டும் மட்டமான படத்தைக் காட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பனி, விமானம், மூட்டை. சாயல்குடிக்காரர்களும் மூட்டைக்குத்தான் வாயைத் திறந்தார்கள். பிறகு அந்த ஆள் குனிந்தான். கயிற்றைச் சுற்றினான்.

"சித்தி, இப்ப சோத்தாங்கையால கட்டுறாரு" என்றேன்.

விமானம் வந்து, குழாய்க்காரர் தாய்நாட்டைப் பற்றிச் சொல்லி, பாட்டு வந்து, துணி வெள்ளையாகி, கூட்டம் எழுந்து வேட்டியையும் சேலையையும் தட்டிக்கொண்டு கலைந்தது. சித்தி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்து நேராகப் படம் ஓட்டுகிறவரிடம் போனாள். அவர் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மூட்டை கட்டுற ஆளு. எங்க ஊருல நொட்டாங்கையாக் கட்டுனாரு. இங்கன சோத்தாங்கையா இருக்காரு."

சுற்றுகிற கை நின்றது.

"அங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"பின்பக்கம்."

அவர் சித்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எத்தனை நாளாக எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னைக்கு அவசரத்துல ரீலை மாத்திப் போட்டுட்டேம்மா" என்றார். "மாத்திப் போட்டா இடது வலதாத் தெரியும். நீங்க ஊருல பாத்ததுதான் சரி."

"எழுத்து சரியா வந்துச்சாமே. இவ படிச்சாளே."

என் தலையில் கை வைத்து அவள் அதைச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். படம் ஓட்டுகிறவருக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார்.

"அது... எழுத்து வேற ரீலும்மா" என்றார்.

சித்தி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "சரிண்ணே. அப்ப ஊருல பாத்ததையே வச்சுக்கிறேன்" என்றாள்.

பல வருஷம் கழித்துக் கூடார சினிமாவில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்தபோது, அவர் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்துகொண்டேன். எழுத்தும் கையும் ஒரே சுருள்தான்; துணிக்குப் பின்பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் இடம் வலமாகத் திரும்பித்தான் தெரியும். அது மட்டுமல்ல; அந்த மாதிரிப் படத்தில் விமானம் ஒரு ஊரில் எடுத்ததாக இருக்கும், மலை இன்னொரு ஊரில், கை வேறெங்கோ, எந்த வருஷத்திலோ. வெட்டி ஒட்டி, மேலே ஒரு குரலைப் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஊருக்கெல்லாம் அந்தப் பெரிய பொய்யைக் காட்டிக்கொண்டு போகிறவர், தன் கணக்கில் ஒரே ஒரு சின்னப் பொய்யைச் சொல்ல எவ்வளவு திணறினார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷன் மேல் பிரியமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது பாதி தூரம் உப்பு லாரியில், பாதி தூரம் நடை. சித்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கொஞ்ச தூரம் நடப்பாள், நின்று கடலைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். பெரியபட்டினத்து அம்மாள் வாசலிலேயே நின்று, "என்னா புள்ள, அவருதானா?" என்று கேட்டாள்.

"அவருதாங்கா" என்றாள் சித்தி.

நான் வாயைத் திறந்தேன். தொடையில் அதே இடத்தில் மறுபடி கிள்ளு விழுந்தது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்துபோயிற்று. சொந்தக்காரருக்கே நல்ல செய்தி வந்த மாதிரி அன்றைக்கும் மீன் குழம்பு வைத்தாள். ஆகவே அந்தப் பொய்யில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

தை பிறந்து பத்து நாளில் கடிதம் வந்தது. தபால்காரர் மணி அடித்தபோது சித்தி வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி நின்றாள். மணிச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. அம்மா போய் வாங்கி, தந்தியில்லை, காகிதம்தான் என்று கத்தினாள். நான் படித்தேன். பனியில் கால் விரல் இரண்டு கறுத்து, எடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். சித்தி கீழே உட்கார்ந்து, "ரெண்டுதான? கால்லதான?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பங்குனியில் அவரே வந்தார். கொஞ்சம் விந்தி நடந்தார். எங்கள் வள்ளத்துக்காரர்கள், "நொட்டாங்கையோட இப்ப நொண்டிக்காலுமா? ரொம்பப் பொருத்தம்டா" என்று கேலி செய்துகொண்டே முதல் நாள் பட்ட மீனில் பெரியதாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரெல்லாம் அவரிடம் படத்தைப் பற்றித்தான் கேட்டது. விமானம் ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்ததற்கு எனக்கும் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னையப் படத்துல பாத்தீகளாமே?" என்று அவர் சாப்பிடும்போது கேட்டார். "நான் எங்க விமானத்துல ஏறுனேன்? அது இறங்குற எடத்துக்கு மண்ணு வெட்டிக்கிட்டுல்ல கெடந்தேன். மூட்டை கட்டவா? ஒரே ஒரு நாள் கட்டுனேன். அவுக்க முடியலைன்னு சுபேதார் என்னைய ஓட ஓட வெரட்டிட்டாரு."

அய்யா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். நான் சித்தியைப் பார்த்தேன். முப்பது மைலுக்கு மேல் நடந்தவள். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அது நீங்க இல்லைன்னு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள், குழம்பு ஊற்றிக்கொண்டே. "அவரு ஒழுங்காவுல்ல கட்டுனாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு சித்தி மாதா முன்னால் இரண்டு மெழுகுதிரி ஏற்றினாள். ஒன்று சித்தப்பாவுக்கு என்றாள். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தக் கைக்கு" என்றாள். "அவரு வீட்டுக்குப் போய்ச் சேந்தாரோ என்னவோ."

பேர் தெரியாது, முகம் தெரியாது, நம் ஊர்க்காரனும் இல்லை. சொந்த ஆள் வந்து வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒருவனுக்காக முழுத் திரி ஒன்று எரிந்து வீணாகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வாசலுக்குப் போனதும் அந்த இரண்டாவது திரியை ஊதி அணைத்து, பாவாடையில் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொடுத்து, வெளிச்சத்துக்கு ஆகும் என்றேன். கெட்டிக்காரி என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

சித்தி திட்டவில்லை. என் கையிலிருந்து திரியை வாங்கிக்கொண்டாள். உலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சுடுகிற மணலில் மறுபடியும் கோயிலைப் பார்த்து நடந்தாள். நான் வாசலில் நின்று, இந்தச் சித்திக்கு நடப்பது என்றால் ஏன்தான் இவ்வளவு ஆசையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.